இடைவேளையில் சொன்ன குறை

திரையில் குழந்தை வந்ததுமே பூபதி எழுந்துவிட்டான்.

"போலாம் வா. அறுவைப் படம்."

படம் தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அப்பா ஒருவர் மகளுக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

ஹேமலதா எழவில்லை.

"உக்காருங்க" என்றாள்.

பின்வரிசையில் யாரோ, மறைக்குதுங்க என்றார்கள். அவன் உட்கார்ந்தான்.

மகள் மிருதுளா போன பிறகு அவர்களால் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் வீட்டில் இருக்க முடியவில்லை. சினிமாவுக்கு வந்தார்கள். எந்தப் படம் என்று பூபதிதான் முடிவு செய்வான். வங்கியைக் கொள்ளையடிக்கும் படம். நகைக்கடையைக் கொள்ளையடிக்கும் படம். ஓடும் ரயிலில் கைவைக்கும் படம்.

அந்தப் படங்களில் குழந்தைகள் இருப்பதில்லை.

திருடர்கள் தனித்தனியாக வருவார்கள், தனித்தனியாகப் போவார்கள். காவலாளிக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தவள்கூடத் திரைக்கு வரமாட்டாள்.

வீடு திரும்பும் வழியெல்லாம் பூபதி குறை சொல்லிக்கொண்டே ஸ்கூட்டர் ஓட்டுவான். "இத்தன கேமரா இருக்கு, ஒருத்தன் கண்ணுலயும் படலையாமா?" "சொரங்கம் தோண்டுனானுங்களே, அந்த மண்ணெல்லாம் எங்க போச்சு?" பின்னால் உட்கார்ந்து அவள் ம் கொட்டுவாள். திங்கட்கிழமை பனியன் கம்பெனியில் டீ நேரத்தில் அதையே இன்னும் விரிவாகச் சொல்வான். ஆட்கள் சுற்றி நின்று கேட்பார்கள். குடும்பப் படங்களைப் பற்றி அவனுக்கு ஒரே அபிப்பிராயம்தான். அழறதுக்கு எதுக்குய்யா தியேட்டருக்குப் போகணும்?

இந்த வாரம் டிக்கெட் எடுத்தது ஹேமலதா. படத்தின் பெயரை மட்டும் சொன்னாள். பெயரைக் கேட்டால் கொள்ளைப் படம் போலத்தான் இருந்தது.

திரையில் அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது.

பிறகு ஆஸ்பத்திரி.

அவன் திரையைப் பார்க்கவில்லை. வெளியே போகும் கதவுக்கு மேல் எரிந்த சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். காதை என்ன செய்வது? படுக்கையில் கிடந்தபடி அந்தக் குழந்தை அப்பாவிடம் பேசியது. நீளமாகப் பேசியது. அரங்கம் முழுக்க மூக்கை உறிஞ்சும் சத்தம்.

ஹேமலதா அழவில்லை. இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடைவேளை.

வராந்தாவில் பாப்கார்ன் வரிசையை விட்டு விலகி, சுவரோரமாக நின்றார்கள். அவன் உடனே ஆரம்பித்துவிட்டான். வழக்கத்தைவிட வேகமாக.

"ஆஸ்பத்திரின்னு காட்டறான், ஒரு கொசுவலை உண்டா? டிரிப்ஸ் ஏத்துன கை மொதல்ல வலது. அடுத்த ஷாட்ல பாத்தா எடது. எவனும் கவனிக்கலையா? அந்தப் புள்ள பேசறதப் பாத்தியா? மூச்சு விடாம ஒரு பக்கத்துக்கு வசனம். காச்சல்ல கெடக்கற புள்ள அப்படியா பேசும்?"

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

ஹேமலதா அவன் முகத்தைப் பார்த்தாள்.

"எப்படிங்க பேசும்?"

அந்த மழைக்காலத்தில் டெங்கு அம்மாவையும் மகளையும் ஒன்றாகப் படுக்கவைத்தது. ஹேமலதா கீழே பெண்கள் வார்டில். மிருதுளா மாடியில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால். இரண்டுக்கும் நடுவே படி ஏறுவதும் இறங்குவதுமாக பூபதி. ஒரு நாள் அவன் இறங்கி வந்த விதத்திலேயே அவள் தெரிந்துகொண்டாள். கையில் ஊசி குத்தியிருந்தது. எழ முடியவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அவன் ஒன்றையே சொன்னான். தூங்கிட்டே இருந்தா, அப்படியே போயிட்டா.

அவளிடமும் அதையேதான் சொன்னான்.

அவள் நம்பியதாகக் காட்டிக்கொண்டாள். பிள்ளை தூக்கத்தில் போயிருந்தால், இவன் ஏன் குழந்தை வரும் படங்களையெல்லாம் கண்டு ஓடுகிறான்? கேட்டதில்லை. கேட்டால் இவன் உடைந்துபோவானோ என்று பயம். கேட்காமலே அவளும் உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்க. அவ பேசினாதானே?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தரையில் யாரோ சிந்திய காபி. ஒரு பெண் வந்து துணியால் அதைத் துடைத்துவிட்டுப் போனாள்.

"பேசினா."

குரல் அவனுடையதாக இல்லை.

"இவ்வளவெல்லாம் பேச வராது ஹேமா. நாக்கு ஒட்டிக்கும். ஒவ்வொரு வார்த்தையா வரும். நடுவுல கண்ண மூடிக்குவா. போயிட்டாளோன்னு நான் பயந்துக்குவேன். மறுபடியும் தொறப்பா."

உள்ளே மணி அடித்தது. கூட்டம் கதவை நோக்கி நகர்ந்தது. யாரோ அவன் தோளில் இடித்துவிட்டு, சாரிங்க என்றார்.

"என்ன கேட்டா?"

"உன்னத்தான் கேட்டா. அம்மாளுக்குக் காச்சல் உட்ருச்சாப்பான்னா."

ஹேமலதா சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள்.

அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல் உச்சத்தில் இருந்தது. என்ன ஆகுமோ என்று மருத்துவரே கையைப் பிசைந்துகொண்டிருந்த நேரம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உட்ருச்சு சாமி, அம்மா எந்திரிச்சு உக்காந்துட்டான்னேன்." அவன் உதடு கோணிக்கொண்டது. "கடைசியா அவகிட்டப் பொய்தான் சொன்னேன்."

வராந்தா காலியாகிவிட்டது. கதவைச் சாத்த வந்தவர், படம் போட்டாச்சுங்க என்று சொல்லிப் பார்த்தார். இருவரும் திரும்பாததைக் கண்டு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டார். உள்ளேயிருந்து ஏதோ பாட்டு மங்கலாகக் கேட்டது.

அவள் அவன் கையைப் பிடித்தாள். பிடித்துக் கூட்டிப்போய் அங்கே கிடந்த நீள நாற்காலியில் உட்காரவைத்தாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

பிறகு அவன் பக்கமாக நன்றாகத் திரும்பிக்கொண்டாள்.

"அப்புறம்?" என்றாள்.