கவிழும் பக்கம்

குதிரைக்குக் கட்டுவதுபோல் அவன் கண்ணுக்கு மறைப்பு மாட்டியிருக்கிறது. வெளியே பார்க்காமல், கருவிகளை மட்டும் நம்பி விமானத்தை ஓட்டிக் காட்ட வேண்டும். பன்னிரண்டு வருஷம் வேறொரு நாட்டில் ஓட்டியவனுக்கு, இந்த நாட்டு உரிமத்துக்கான கடைசிச் சோதனை. விமானம் சாய்ந்தால், அங்கே சாய்வைக் காட்டும் கருவிக்குள் குட்டி விமானம் அதே பக்கம் சாயும். இங்கேயோ அடிவானக் கோடு எதிர்ப்பக்கம் சாய்கிறது. பழகிய கை தப்பான பக்கமே திருப்ப, விமானம் இன்னும் கவிழ்கிறது. "கையை எடுங்க சார்!" பக்கத்து இருக்கையிலிருந்து சோதிக்கும் பெண் அதிகாரி கத்துகிறாள். அவனுடையது உடும்புப்பிடி. "எடுடா நாயே!" அவள் முழங்கை அவன் மூக்கில் இறங்குகிறது. எலும்பு நொறுங்கி, மடியிலிருக்கும் பழைய உரிமத்தில் ரத்தம் தெறிக்கிறது; பிடி விடுகிறது. மறைப்பைப் பிய்த்தெறிகிறாள். சன்னல் முழுக்க உழுத வயல் எழுந்து நிற்கிறது. பல்லைக் கடித்து விமானத்தை நிமிர்த்துகிறாள். "செத்திருப்போம், சார்." அடிவானம் நேராகிவிட்டது. அவன் கைகள் மட்டும், பிடிக்க எதுவுமில்லாமல், மடிமேல் இன்னும் அந்தப் பக்கமே திருப்பிக்கொண்டிருக்கின்றன.