கெட்டிமேளத்தில் ஒரே ஒரு படம்

ஏற்கெனவே யாரோ எடுத்துவிட்ட மாதிரியான படத்தைப் புதுக் கேமராக்கள் எடுக்கவே எடுக்காது. கல்யாணப் போட்டோகிராபர் செண்பகராமன் தாலியைக் குறிவைத்து பொத்தானை அழுத்து அழுத்தென்று அழுத்தினார், கேமரா அசைந்துகொடுக்கவில்லை. தாலி கட்டும்போது படமில்லையென்றால் பெண்வீட்டார் தோலை உரித்துவிடுவார்கள்.

"அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளுங்க! ஒங்க முதுகைப் பாக்கவா வந்தோம்?" என்று கீழேயிருந்து கத்தினாள் பெண்ணின் அத்தை.

வேறு வழியில்லாமல் மேடையிலிருந்து இறங்கி, கேமராவைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினார். கல்யாணத்துக்குக் கல்யாணம் போட்டோகிராபர் முதுகையே பார்த்துப் பழகியவர்கள், முதன்முதலாகத் தாலி ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கெட்டிமேளம் முழங்கியும், கையிலிருந்த அட்சதையைத் தூவ ஒருவருக்கும் தோன்றவில்லை.

கேமரா 'கிளிக்' என்றது.

அப்புறம்தான் அட்சதை பறந்தது. பாதி செண்பகராமன் தலையில் விழுந்தது, அவர் தட்டிவிடவில்லை.