வெள்ளை மாடி

அக்னி நட்சத்திர மத்தியானம். மீட்டர் கணக்கெடுக்க வந்தவர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். “மேல்வீடு, ஏசி வேற இருக்கு. ஆனா மீட்டர் ஓடவே இல்ல. கொக்கி கிக்கி போட்டுக் கரண்டு எடுக்கிறீங்களாம்மா?”

செல்லக்கனி அவரை மொட்டைமாடிக்கு அழைத்துப் போனாள். பங்குனியில் அவளே குனிந்து குனிந்து அடித்த சுண்ணாம்பில் தளம் முழுக்கக் கண்ணைக் கூசவைத்தது.

“செருப்பைக் கழட்டிட்டு வாங்க சார்.”

“இந்த வெயில்லயா? கால் வெந்துடும்மா.”

“என் மாடிய யாரும் செருப்போட மிதிக்கிறதில்ல. இது இருக்கிறதாலதான் கீழ ஏசி போடுறதே இல்ல.”

அவள் வெறுங்காலோடு போய் நடுமாடியில் நின்று, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அவர் ஒற்றைச் செருப்பைக் கழற்றிப் பெருவிரலை மட்டும் தரையில் வைத்தார். சுடவில்லை. பிறகு முழுப் பாதத்தையும் வைத்தார். அவள் மறுபடி சொல்லாமலே மற்ற செருப்பையும் கழற்றினார்.