அவசர வழியும் பித்தளைப் பூட்டும்

சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றின் மூன்றாம் மாடியில், 'அவசர வழி' என்று பச்சை எழுத்தில் எழுதிய மரக்கதவு ஒன்று இருந்தது. தள்ளினால் திறப்பது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த வேலை. ஒரு நாள் மேனேஜர் அதன்மேல் பெரிய பித்தளைப் பூட்டைத் தொங்கவிட்டார்.

"ஏனய்யா, திறப்பதற்கென்றே வைத்த கதவு நான். என்னைப் பூட்டுவது முறையா?" என்று கதவு கேட்டது.

"முறை பேசிக்கொண்டிருந்தால் கம்பெனி நடக்குமா?" என்று பூட்டு சிரித்தது. "பலனைப் பார். நான் வந்த பிறகு ஒரு சட்டையாவது களவு போயிருக்கிறதா?"

போகவில்லைதான். ஆயுத பூஜையன்று பூட்டுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். கதவைத் துடைக்கக்கூட ஆளில்லை.

பங்குனியில் ஒரு மதியம் இஸ்திரி மேஜையில் தீப்பிடித்தது. தைத்துக்கொண்டிருந்த பெண்கள் பச்சை எழுத்தை நம்பி ஓடிவந்து கதவில் மோதினார்கள்.

"விட்டுவிடய்யா! உன் காலில் விழுகிறேன், விட்டுவிடு!" என்று கதவு கதறியது. பூட்டு பல்லைக் கடித்துக்கொண்டு தொங்கியது. தட்டிய கைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

மறுநாள், பாதி கரிந்து நின்ற கதவு கேட்டது: "இப்போது பலனைப் பார்த்தாயா?"

"பலனா? அதையெல்லாம் என்னிடம் கேட்காதே" என்றது பூட்டு. "பூட்டியிருப்பது என் கடமை. அதைச் செய்தேன்."

கதவைக் கழற்றி விறகுக்குப் போட்டார்கள். பச்சை எழுத்தோடு புதுக் கதவு வந்தது. கரி படிந்த பூட்டைப் புளி போட்டுப் பளபளவென்று துலக்கி அதில் மாட்டினார்கள்.