பள்ளத்தாக்கில் என்ன வேலை?

“செவ்வாய்க்கிழமை ஆனா பள்ளத்தாக்குல உனக்கு அப்படி என்னடி வேலை?” ஷூ நாடாவை முடிந்தபடி கேட்டாள் ஜெமெலி.

“வேகமா ஓடத்தான். மேலே தூங்கு, கீழே ஓடுன்னு கோச் சொல்றது காதுல விழலையா?” என்று சிரித்தாள் செரோடிச்.

சொன்னது சரிதான். ஈட்டென் மலையின் மெல்லிய காற்றில் கிடந்தால் ரத்தம் ஊறும். ஆனால் அதே காற்றில் முழு வேகம் பிடிக்க மூச்சு விடாது. அதற்குக் கெரியோ பள்ளத்தாக்குக்கு இறங்க வேண்டும். ஓட்டப் பயிற்சி முகாமே கோச்சுடன் சனிக்கிழமை இறங்கும். செரோடிச் மட்டும் செவ்வாயும் தனியாக வேன் ஏறினாள்.

ஜெமெலியை உறுத்தியது வேறு. அந்த வெயிலில் ஓடிவிட்டு வருகிறவள் சட்டையில் வியர்வைக் கறையே இல்லை. இரவில் உகாலிக் களியைக்கூட அரைத்தட்டோடு தள்ளிவிட்டாள்.

“ஊசி போட்டுக்கப் போறாளோ என்னவோ,” என்று கிசுகிசுத்தாள் பக்கத்து அறைக்காரி. “தேசிய அணியில மிச்சம் இருக்கிறது ஒரே இடம். அதுக்கு என்ன வேணாலும் செய்வாங்க.”

அந்த ஒரே இடத்துக்குத்தான் ஜெமெலியும் ஓடிக்கொண்டிருந்தாள்.

அடுத்த செவ்வாய் அடுத்த வேனிலேயே பின்தொடர்ந்தாள். மாந்தோப்பைத் தாண்டி ஒரு பள்ளிக்கூட மைதானம். மரநிழலில் செரோடிச் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துணிமூட்டை. அதன்மேல் குனிந்து எதையோ செய்துகொண்டிருந்தாள்.

“கையும் களவுமா மாட்டினியா! என்னடி அது?”

“உஷ்! கத்தாதே. இப்பத்தான் தூங்குது.”

துணிக்குள் ஒரு கைக்குழந்தை.

அப்போது மைதானத்தின் வளைவில் ஒருத்தி புழுதி பறக்க வந்தாள். ஜெலகட்! இரண்டு வருடம் முன்பு ஓட்டத்தில் தங்கப் பதக்கம் வாங்கியவள். பிள்ளை பெற்றதோடு அவள் கதை முடிந்தது என்று ஈட்டெனே கைகழுவியிருந்தது.

“பிள்ளையைப் பார்த்துக்க அவளுக்கு ஆளில்லை. அதான் நான் வர்றேன்,” என்றாள் செரோடிச்.

“பைத்தியமாடி உனக்கு? அவ திரும்பி வந்தா அந்த இடம் உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை!”

“தெரியும்,” என்று எழுந்த செரோடிச், குழந்தையை ஜெமெலியின் கைகளில் வைத்தாள். “நல்லவேளை நீ வந்தே. இவளைக் கொஞ்சம் பிடி. இன்னைக்காவது நானும் அவகூட ஓடிப் பார்க்கிறேன்.”