ஈயம் கூடிய மணி

"ஏனுங்க, இது வேண்டாமுங்க. ரொம்பக் கணீர்னு கேக்குது," என்று மாட்டு மணியைத் திருப்பி நீட்டினாள் மாராத்தாள்.

குன்னூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் பித்தளை வார்க்கும் முனியசாமிக்குச் சிரிப்பு வந்தது.

"செம்பும் துத்தநாகமும் சரியாச் சேந்தா அப்படித்தான் கேக்கும். சத்தம் பத்தலைன்னு சண்டைக்கு வர்றவங்களத்தான் நான் பாத்திருக்கேன்."

"எங்க செவலைப் பசுவோட மணி, பழைய தண்ணிக்குழாய உருக்கி ஊத்துனதுங்க. டொக்கு டொக்குன்னுதான் கேக்கும். அது தொலைஞ்சுபோச்சு."

"குழாய்ப் பித்தளையில ஈயம் இருக்கும். ஈயம் கூடுனா சத்தம் அமுங்கிப்போகும். மாட்டுக்கு எந்த மணியா இருந்தா என்னங்க?"

"அதே சத்தந்தான் வேணுமுங்க."

மறுவாரம், ஈயம் கூட்டி வார்த்த மணியை அவர் ஆட்டிக் காட்டினார். அவள் முகம் மலர்ந்தது.

"கழுத்தளவு சொல்லுங்க, பட்டை போட்டுத் தர்றேன்."

"பட்டை வேண்டாமுங்க. நான் பிடிச்சு ஆட்ட ஒரு கைப்பிடி வெச்சுக் குடுங்க."

முனியசாமி நிமிர்ந்து பார்த்தார்.

"செவலை போன மழையில பள்ளத்துல உருண்டு செத்துப்போயிட்டாளுங்க. மணியும் அவளோட போச்சு. எங்கூட்டுக்காரருக்கு அது தெரியாது. கண்ணு போயி, படுத்த படுக்கையா இருக்கறாரு. செவலை ஊட்டுக்கு வந்த சத்தம் கேக்காம சரியா சோறு உண்ண மாட்டேங்கறாரு."

முனியசாமி கைப்பிடியைப் பொருத்தினார்.

"ஆட்டிப் பாருங்க, அக்கா."

மாராத்தாள் மணியை ஆட்டிக்கொண்டே, பட்டறைக்குள் மாட்டு நடையில் மெதுவாக நடந்தாள். கதவருகே வந்ததும் நின்றுவிட்டாள்.

"என்னாச்சுங்க?"

"இங்கதானுங்க அவரு 'வா சாமி'ன்னு கூப்பிடுவாரு. கூப்பிட்டாத்தான் செவலை உள்ள வருவா."