மத்தியானப் பயிற்சி

"கடைசியா எப்போ பளு தூக்கினீங்க? உண்மையைச் சொல்லுங்க."

முதுகை அழுத்திப் பார்த்தபடியே கேட்டார் டாக்டரம்மா. குப்புறப் படுத்திருந்த பயில்வானின் முகம் மெத்தையில் புதைந்திருந்தது. அங்கிருந்தே பதில் வந்தது.

"நேத்து மத்தியானம். கனவுல."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பல்வலி என்று ஒரு பேச்சு உண்டு.

பயில்வான் என்பது தெரு வைத்த பெயர். இருபது வருஷமாக ஜிம்மில் பளு தூக்கக் கற்றுக்கொடுத்தவர். நூற்றைம்பது கிலோவைத் தரையிலிருந்து எடுத்து நிமிர்கிற மனிதர், ஆறு மாதத்துக்கு முன்னால் குளியலறையில் நழுவி விழுந்த சோப்பை எடுக்கக் குனிந்தார். சோப்பு வந்தது. முதுகு வரவில்லை.

அன்றிலிருந்து தரையில் படுக்கை, ஒத்தடம், காலை மடக்கி நீட்டும் பயிற்சி. வலி ஒருவழியாகப் போய்விட்டது. பயம்தான் போகவில்லை. தண்ணீர் வாளியைக் கண்டாலே அவருக்கு வியர்த்தது. இந்த லட்சணத்தில், 'பளு தூக்கலாம்' என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தால் வேலைக்கு வரலாம், மாதக் கடைசி தாண்டினால் வேறு ஆள் என்று சொல்லியிருந்தார் ஜிம் முதலாளி.

டாக்டரம்மாவோ போன மாதமே கறாராகச் சொல்லிவிட்டார். சொல்லாமல் கொள்ளாமல் இரும்பைத் தொட்டால் கையெழுத்துக் கிடையாது.

"போன மாசம் இந்த முதுகு ஊறப்போட்ட துணி மாதிரி இருந்துச்சு. இப்போ முறுக்கின கயிறு மாதிரி இருக்கு. படுத்துக்கிட்டே காலை ஆட்டினா இது வராது, சார். யார்கிட்ட கதை விடுறீங்க?"

பயில்வான் எழுந்து உட்கார்ந்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கனவை விவரித்தார். மத்தியானம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்தால் போதும், எங்கும் பால் ஊற்றினாற்போல் பனிமூட்டம். காலடியில் தரை இருக்கிறதா என்றே தெரியாது. முழங்கால் உயரத்தில் ஒரு கம்பி மட்டும் மிதந்து வரும். எடைத் தட்டுகள் கண்ணுக்குத் தெரியாது, கனம் மட்டும் இருக்கும். முதுகை நேராக்கி மூச்சை இழுத்துத் தூக்குவார். அந்த இரும்பும் அவரோடு சேர்ந்து மூச்சு விடும். எங்கோ தொலைவில் யாரோ மரம் அறுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தத் தாளத்துக்கு ஏற்றி இறக்குவார். பயம் மருந்துக்கும் இருக்காது. முதல் வாரம் மூன்று தடவை தூக்கினார், இப்போது பன்னிரண்டு. முடிந்ததும் அந்தப் பனியிலேயே படுத்துவிடுவார்.

"நான்கூட தினம் கனவுல ஓடுறேன்" என்றார் டாக்டரம்மா. "இந்த உடம்பைப் பாருங்க."

தன் வயிற்றை ஒருமுறை தட்டிக் காட்டிவிட்டுப் பேனாவை மூடினார். பயில்வானின் முகம் தொங்கிப்போனது.

மூலையில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த மனைவிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. வீட்டில் கிடந்த கம்பி, தட்டு எல்லாவற்றையும் விழுந்த அன்றைக்கே ஜிம்முக்கு அனுப்பியாகிவிட்டது, இருபத்துநாலு மணி நேரமும் இவரைத் தான் கண்கொத்திப் பாம்பாகக் காவல் காப்பதாகச் சத்தியமே செய்தாள்.

"மத்தியானமும் முழிச்சுக்கிட்டா காவல் காக்குறீங்க?"

"மத்தியானம் நானும் கண்ணசந்துடுவேன், டாக்டரம்மா." அவள் கொஞ்சம் வெட்கப்பட்டாள். "ஒரு மாசமா எனக்கும் ஒரே கனவுதான் வருது. இவர் கீழே பாயில படுத்திருப்பாரு, நான் இரும்புக் கட்டில்ல. கட்டிலோட கால்மாடு மெல்ல மேலே போகும், அப்புறம் இறங்கும். அலையில படகு ஆடுற மாதிரி. ரொம்ப சுகமா இருக்கும். அதனால யார்கிட்டயும் சொல்லலை."

டாக்டரம்மா பேனாவைத் திரும்பத் திறந்தார். பயில்வானை விட்டுவிட்டு அவர் மனைவியை எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறச் சொன்னார். முள் எழுபத்தாறில் நின்றது. கட்டிலின் ஒரு பக்கம்தானே என்று அதைப் பாதியாக வகுத்து, 'முப்பத்தெட்டு கிலோவிலிருந்து தொடங்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.